ஏனுங்க சொன்னாத்தான்

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்த அம்மா, நாலு வயது மகளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

"'ஏனுங்க'ன்னு கூப்பிட்டுச் சொன்னாத்தான் செய்யோணும். நல்லாக் காதுகுடுத்துக் கேளு. ஏனுங்க, கையத் தூக்குங்க!"

கை உயர்ந்தது.

"கைய எறக்குங்க!"

இறங்கவில்லை. "ஏமாத்தறீங்கம்மா!"

பெரியநாயக்கன்பாளையம் வந்தது.

"கண்ணு, நம்ம ஸ்டாப்பு. எறங்கு."

மகள் அசையவில்லை.

"வெளையாட்டு முடிஞ்சுபோச்சு, எந்திரி சாமி!"

சிரித்துக்கொண்டே கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மொத்த பஸ்ஸும் அவளுக்காக நின்றது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்து சொன்னார்: "ஏனுங்க அம்மணி, எறங்குங்க."

குதித்து இறங்கிவிட்டாள்.

"ரைட், போலாம்!" என்றார் கண்டக்டர்.

பஸ் நகரவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க 'ஏனுங்க' சொல்லவே இல்லீங்களே!"