நிறுத்திவைத்த பெட்டிகள் அறையின் அக்காவுக்கு

கப்பல் நாட்களில் மாலை மூன்று மணிக்குப் பெட்டி வாசல் மூடப்படும். அதற்குப் பிறகும் சாத்தாமல் இருந்த ஒரே கதவுக்கு உரியவரே! பெட்டியைத் திறக்கும்முன் பெட்டிக்காரர் முகத்தைப் படித்தவரே! பதறி வந்தவரைப் பதமாய்ப் பேசிப் படியேற்றி அனுப்பியவரே! இந்தப் பயணிகள் முனையத்தின் ‘நிறுத்திவைத்த பெட்டிகள் அறை’யை இத்தனை ஆண்டுகள் ஆண்ட எங்கள் பெட்டி அக்காவே! பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததும் மரியாதையிலேயே தகராறு வந்தது. ‘தாங்கள், தங்களுக்கு, தங்களால்’ என்று மூன்று வரி போனதும் எக்ஸ்ரே பார்க்கும் தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“யாரோ மந்திரிக்கு எழுதுற மாதிரி இருக்கு. அக்கான்னே எழுதுங்க.”

சரி என்றோம். எனவே இனி ‘அக்கா’தான். எதிரில் அமர்ந்திருப்பவரைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொல்லப்போகிறோம். அக்கா பொறுத்தருள்க.

அக்காவின் வீட்டாருக்கு ஒரு விளக்கம். அக்கா உங்களிடம் “கப்பல்ல வேலை” என்று சொல்லிவைத்திருப்பதாகக் கேள்வி. கப்பலில் அல்ல, கப்பலுக்குச் சற்று முன்னால். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் பெரிய பெட்டிகளை முனைய வாசலிலேயே போர்ட்டரிடம் கொடுத்துவிட்டுக் கைவீசி உள்ளே போகலாம். பெட்டி தனியே எக்ஸ்ரே வழியாகப் போய், கூண்டு வண்டியில் ஏறி, இரவுக்குள் அவரவர் கேபின் வாசலுக்கு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மெழுகுவர்த்தி, நீள வயர் வைத்த பிளக் பலகை என்று தீப்பிடிக்க வாய்ப்புள்ள ஏதாவது உள்ளே தெரிந்தால் மட்டும் கப்பலுக்குப் போகாது. அக்காவின் அறைக்கு வரும். உரியவரை அழைத்து, அவர் முன்னால் திறந்து, பொருளை எடுத்துவைத்து, ரசீது கொடுத்து, அவர் திரும்பி வரும் நாளில் பொருளைத் திருப்பித் தர வேண்டும். வேலை இவ்வளவுதான்.

அந்த அறைக்கு வருகிறவர்கள் திருட்டில் பிடிபட்டவர்கள் போல் வருவார்கள். அக்கா முதலில் நாற்காலியைக் காட்டுவார். “முதல் கப்பலா?” என்பார். ஆமாம் என்று தலையாட்டினால் தீர்ந்தது. பெட்டி திறந்து மூடும் நேரத்துக்குள் பாடம் நடக்கும்.

“மேல சாப்பாட்டுக் கூடத்துக்கு இப்பவே ஓடாதீங்க, ஊரே அங்கதான் நிக்கும். கீழ இன்னொன்னு இருக்கு, ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க.”

“வயித்தப் புரட்டினா ரூமுக்குள்ள சுருண்டு படுக்காதீங்க. வெளிய வந்து, தூரத்துல கடலும் வானமும் சேர்ற இடத்தையே பாருங்க. பட்டினி மட்டும் கிடக்காதீங்க. அடுத்த தடவை நடுவுல, கீழ் மாடியில ரூம் கேளுங்க. அங்கதான் ஆட்டம் கம்மி.”

“கரையில இறங்கினா போன்ல மணி பாக்காதீங்க. போன் அந்த ஊரு நேரத்துக்கு மாறிக்கும், கப்பல் மாறாது. சாதாரண வாட்ச் ஒண்ணு கட்டிக்கிட்டு, அதுல கப்பல் மணியை வச்சுக்கங்க.”

“பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிட்டா பாத்ரூம்ல ஒளியாதீங்க. எல்லாரும் வந்தாச்சுன்னு தெரியுற வரைக்கும் கப்பல் நகராது. அத்தனை பேர் வயித்தெரிச்சலும் உங்களுக்குத்தான்.”

புதிதாக மணமான பெண்ணொருத்தி ஒருமுறை கேட்டாள், எல்லா ஊரிலும் இறங்கியே தீர வேண்டுமா என்று.

“இறங்கலைன்னா யாரும் கேஸ் போட மாட்டாங்கம்மா. நான் ஒரே ஒரு தடவை போனேன். கப்பல்ல இருந்த நாள் முழுக்கத் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம் கல்யாணத்துக்கு அப்புறம் தூங்கினதே இல்ல.”

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அத்தான் மன்னிக்க.

அக்காவின் பெருமை பேச எங்களிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்கிறோம். அன்று நாங்கள் எல்லோரும் அங்கே இருந்தோம்.

பெட்டி வாசல் மூடியாயிற்று. ஏறு பாலத்தை எடுக்க இன்னும் அரை மணி நேரம். அப்போது ஒரு கணவனும் மனைவியும் அறைக்குள் வந்தார்கள். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இருவர் மட்டுமாக வந்த முதல் பயணம். கணவரின் சட்டைக் கை மடிப்பு கத்தி போல நின்றது. போர்ட்டர் அண்ணன் அந்த நிமிடமே அவருக்கு ‘மடிப்புச் சட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்.

“பாஸ்போர்ட் கேக்கறாங்க. பத்திரமா இருக்கட்டும்னு பெரிய பெட்டியில வச்சேன். பெட்டியை வாசல்ல குடுத்துட்டேன்,” என்றார் மடிப்புச் சட்டை.

அந்தப் ‘பத்திரமா’வைக் கேட்டாலே நாங்கள் கடிகாரத்தைப் பார்ப்போம். பாஸ்போர்ட், மாத்திரை, ஒரு மாற்றுத் துணி, மூன்றும் தோளில் தொங்கும் பையில்தான் இருக்க வேண்டும் என்று அக்கா தொண்டை வற்றச் சொல்லுவார். வந்த பிறகுதான் சொல்ல முடிகிறது, அதுதான் கொடுமை. பெட்டி கப்பலின் வயிற்றுக்குள் போயிருந்தால் இனி இரவுக்குத்தான் வெளியே வரும். பாஸ்போர்ட் இல்லாமல் இவர்கள் ஏற முடியாது. கப்பல் காத்திருக்காது.

“பெட்டி எப்படி இருக்கும்?”

“புதுசு. கருநீலம். சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கோம்.”

அக்கா திரும்பி அலமாரியைப் பார்த்தார். நிறுத்திவைத்த பெட்டிகளில் பாதி கருநீலம். கருநீலத்தில் எல்லாமே சிவப்பு ரிப்பன். முதல் பயணம் போகிறவர்கள் எல்லோருக்கும் யாரோ ஒருவர் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லிவிடுகிறார்.

“பாத்தியா? எல்லாமே நம்ம பெட்டி மாதிரி இருக்கு,” என்றார் கணவர்.

“நான் பழைய புடவைக் கிழிசலைக் கட்டலாம்னேன். நீங்கதான் சிவப்புன்னா தூரத்துல தெரியும்னீங்க.”

“ஆமா, தெரியுது. வரிசையா தெரியுது.”

அக்கா சிரிக்கவில்லை. பெட்டிகளில் தொங்கிய கேபின் எண் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனார். இவர்களின் எண் எதிலும் இல்லை. ஒரே ஒரு பெட்டியில் சீட்டே இல்லை. சீட்டை ஸ்டேப்ளர் பின் அடித்து மாட்ட வேண்டும். டேப் ஒட்டினால் எக்ஸ்ரே பெல்ட்டில் உரசிப் போய்விடும்.

“சீட்டு எப்படி மாட்டினீங்க?”

“டேப்பு போட்டு நல்லா ஒட்டினேன்.”

அப்படியானால் சீட்டில்லாத அந்தப் பெட்டி இவர்களுடையதாக இருக்கலாம். ஆனால் அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே இருப்பதை வாயால் சொன்ன பிறகுதான் யாரும் பெட்டியைத் தொடலாம். இல்லாவிட்டால் யார் பெட்டியை யார் வேண்டுமானாலும் தூக்கிப்போவார்கள்.

“என்னென்ன வச்சிருக்கீங்க?”

கணவர் வரிசையாகச் சொன்னார். சட்டைகள், ஒரு கோட்டு, மாத்திரை டப்பா, பாஸ்போர்ட் வைத்த கவர், மனைவியின் துணிகள். அக்கா எக்ஸ்ரே தம்பியைப் பார்த்தார். தம்பி உதட்டைப் பிதுக்கினார்.

“சீட்டு இல்லாத பெட்டியில இதெல்லாம் இருக்கும்தான் போல. ஆனா அதுல அயர்ன் பாக்ஸ் இருக்கே. அதுக்காகத்தான நிறுத்தினோம்.”

“அப்ப அது எங்களுது இல்ல,” என்றார் கணவர் சட்டென்று. “அயர்ன் பாக்ஸ் கூடாதுன்னு நான் படிச்சிருக்கேன். இவ எடுத்து வச்சா, நானே எடுத்து வெளிய வச்சேன். கப்பல்ல தேடச் சொல்லுங்க மேடம், நேரம் போகுது.”

ரிப்பனுக்கு வாய்க்கு வாய் பதில் சொன்ன மனைவி இப்போது கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அக்கா அந்த ஜிப்பைப் பார்த்தார். கணவர் சொல்வதை நம்பிக் கப்பலுக்குள் ஆள் அனுப்பினால் அரை மணியும் அதிலேயே கரைந்துவிடும். சட்டத்தை மீறித் திறந்தால் வேறு யாருடைய பெட்டியாகவும் இருக்கலாம். மனைவியை அவர் எதிரிலேயே கேட்டால்? பெட்டி கிடைக்கும். ஆனால் அந்த அம்மாளின் பயணம் அந்த நாற்காலியிலேயே முடிந்துவிடும்.

“சார், ஒரு உதவி. தொண்டை கட்டுது. ஹால் கடைசியில மெஷின் இருக்கு, ஒரு பாட்டில் தண்ணி வாங்கிட்டு வர்றீங்களா? அதுக்குள்ள நான் கப்பலுக்குப் பேசுறேன்.”

“இப்பவா?”

“இப்பதான் சார்.”

அவர் போனார். போகிற நிலையில் இருந்தவர் இல்லை. அக்காவின் குரல் அப்படி.

கதவு மூடியதும் அக்கா மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. இருக்கிறதா என்று கேட்கவில்லை.

“அயர்ன் பாக்ஸ எந்தப் பக்கம் வச்சிருக்கீங்கம்மா?”

ஜிப் நின்றது.

“கோட்டுக்கு அடியில. துண்டுல சுத்தி.”

“வேற?”

“சட்டை கசங்கினா அவருக்கு முகம் கசங்கிடும். அதான் திரும்ப எடுத்து வச்சேன். இப்ப சொன்னா, போற நாள் பூரா முகத்தத் தூக்கி வச்சுப்பார். எத்தனையோ வருஷம் கழிச்சு ஒரு இடத்துக்குப் போறோம்.”

“பூட்டு நம்பர்?”

“கடையில வாங்கினப்ப இருந்த மூணு சைபர்தான்.”

அதுவும் மாற்ற வேண்டிய ஒன்றுதான். அன்று அக்கா அதைச் சொல்லவில்லை. பெட்டி திறந்தது. கோட்டு, கோட்டுக்கு அடியில் துண்டு, துண்டுக்குள் சொன்ன பொருள். அதன் பக்கத்தில் பாஸ்போர்ட் கவர். இஸ்திரிப் பெட்டி அக்காவின் இழுப்பறைக்குள் போனது. ரசீது அந்த அம்மாளின் கைப்பைக்குள் போனது. கணவர் தண்ணீரோடு உள்ளே வந்தபோது பாஸ்போர்ட் மேசைமேல் இருந்தது.

“எப்படி மேடம்?”

“உங்க வீட்டம்மா அடையாளம் சொன்னாங்க. ஓடுங்க!”

ஓடினார்கள். போர்ட்டர் அண்ணன் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். ஏறு பாலத்தில் இருவர் தலையும் தெரிந்து மறைந்ததை நாங்கள் கண்ணாடி வழியே பார்த்தோம். பாலம் எழுந்தது. அதற்குப் பிறகுதான் அக்கா உட்கார்ந்தார். அந்த ஒரு பாட்டில் தண்ணீரை எல்லோரும் மாற்றி மாற்றிக் குடித்தோம்.

“அப்பாடா!” என்றார் போர்ட்டர் அண்ணன். “அந்தம்மா சட்டத்தை மதிச்சிருந்தா பெட்டி கப்பலுக்குள்ள போயிருக்கும், அவங்க வெளிய நின்னிருப்பாங்க. நாம என்னத்த புத்தி சொல்றது, போங்க!”

அக்கா அன்று சிரித்த சிரிப்பை அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் அன்புக்குரிய அக்காவே! அந்த அறையில் தாங்கள் எந்தப் பெட்டியையும் அவசரத்தில் திறக்கவில்லை, யாருடைய மானத்தையும் மேசைமேல் பரப்பவில்லை. அது எங்களுக்கும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் ஆசை. இனி எந்த ஒலிபெருக்கியும் தங்களை அழைக்காதிருக்க! நாள் முழுக்க நின்று வீங்கிய கால்கள் வற்றி, விரும்பிய திசையில் நடக்க! நோயும் நோவும் தங்கள் வாசல் அறியாதிருக்க! இன்னும் பல்லாண்டு, கல்யாணத்துக்கு முன் தூங்கிய தூக்கம் தங்களுக்கு நாள்தோறும் வாய்க்க! இவ்வாறு வாழ்த்திக் கையெழுத்திடுகிறோம்: எக்ஸ்ரே தம்பி, போர்ட்டர் அண்ணன், பெட்டி வாசல் காவலர், கூண்டு வண்டி ஓட்டும் இருவர், மற்றும் முனையத்தின் ஊழியர் அனைவரும்.

கையெழுத்துக்குக் கீழே, மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்துக்குள் கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. அதில் இதையும் எழுதியே ஆக வேண்டும் என்று போர்ட்டர் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார்.

கப்பல் திரும்பிய நாள். ரசீதோடு வந்தது மனைவி அல்ல, கணவர். மனைவி சற்றுத் தள்ளி, வெயிலில் கறுத்த முகத்தோடு, போர்ட்டர் அண்ணனிடம் மீன்கள் துள்ளியதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இழுப்பறையைத் திறந்து பொருளைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். போகவில்லை. அறையின் மூலையில் இருந்த குடிநீர்த் தொட்டியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“மூணாவது நாள் அவளே சொல்லிட்டா மேடம். சிரிச்சுட்டோம். அது இல்ல இப்ப. தண்ணி இங்கயே இருக்கு, என்னை வெளிய அனுப்புனீங்க. நான் பக்கத்துல இருந்தா அவ வாயத் திறக்க மாட்டான்னு, பாத்த அஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”