இரும்பு ஏற்றிய அவசரம்

திருப்பதியிலிருந்து பிச்சாட்டூர் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவள் கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ரத்தம் ஊற போடற இரும்பு மருந்த வேகமா ஏத்துவாங்களாயா?"

"சொட்டு சொட்டா எறங்கிக்கினு இருந்துச்சு. டியூப்ல இருக்கற சக்கரத்த லேசா தள்ளிவுட்டேன். குளுக்கோஸ் போட்டப்பவும் தள்ளினேனே."

"இது குளுக்கோஸா? 'மெல்லகா, மெல்லகா'ன்னு நர்சம்மா தெலுங்குல எத்தினி வாட்டி சொன்னாங்க! நெஞ்ச அடைச்சுக்கினு மூச்சே வரல எனக்கு. அவங்க ஓடியாந்து நிறுத்தலன்னா?"

"அதான் சரியாயிடுச்சே."

"பாதி மருந்து அப்படியே நின்னுபோச்சு. மறுபடி வரச் சொல்லிட்டாங்க. ஏறி முடிச்சப்புறமும் அரை மணி நேரம் அங்கயே உக்காரணுமாம். தெம்பு வர வாரக்கணக்கா ஆவுமாம். உனக்குத்தான் எல்லாத்துக்கும் அவசரம். கடைசில நீ நெனச்ச பஸ்ஸும் போயிடுச்சு."

நாராயணவனம் தாண்டியதும் பஸ் வேகமெடுத்தது. அவர் எழுந்து நின்று தெலுங்கில் கத்தினார்.

"மெல்லகா, டிரைவரண்ணா, மெல்லகா!"

அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அந்த சக்கரத்துகிட்ட எங்கயா போச்சு இந்த புத்தி?"