சுவர்களில் பெருக்கல் குறி

கண்ணாடி டம்ளரில் நான் தண்ணீர் குடிப்பதில்லை ஐயா. வேறு எதிலாவது கொடுக்கச் சொல்லுங்கள், பேப்பர் கப்பானாலும் சரி. தவறாக நினைக்காதீர்கள். என் மாமியார் தன் பல்செட்டைக் கண்ணாடி டம்ளரில்தான் போட்டு வைப்பார். காலையில் கழுவிக் கவிழ்த்துவிட்டால் எந்த டம்ளர் அது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் ஒன்றைத் திருத்திவிடுங்கள். காசுக்கு ஆசைப்பட்டுச் செய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கூசுகிறது. இரும்பு வாங்க என்னிடம் வசதி இருந்தது. இல்லாமல் போனது பொறுமை.

மாமனார் போன பிறகு மாமியார் எங்களோடு வந்துவிட்டார். பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். நல்ல மனுஷி, என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் இருமுவார். நீங்களும் நானும் இருமுவது போல இல்லை. அடி நெஞ்சிலிருந்து கிளம்பி, பாதி வழியில் நின்று, எதையோ கூட்டிக்கொண்டு மேலே வரும். அதற்கென்று ஒரு மூடி போட்ட கிண்ணம் வைத்திருந்தார். மூடி திறக்கும் சத்தம், அப்புறம் அந்தச் சத்தம், அப்புறம் மூடும் சத்தம். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"பாவம்ங்க, வயசானவங்க. வேணும்னா செய்றாங்க?" என்பாள் என் மனைவி.

பாவம்தான், நான் மறுக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். அந்த வீட்டில் கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை.

மனைவியின் அண்ணன், என் மச்சான், கட்டட என்ஜினியர். தனி ஆள். வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுபவர், அம்மாவைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. வெளியே ஏதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்தால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. அதனால் இல்லத்தை நானே ஆரம்பித்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் அப்பாவின் பழைய துணிக் கிடங்கு, மூன்று தளம், பூட்டித்தான் கிடந்தது. "நம்ம இடம், நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க, உங்கம்மாவுக்குப் பேச்சுத்துணையும் ஆச்சு" என்றேன். மனைவி இரண்டு நாள் அழுதாள். பிறகு சரி என்றாள். ஒரே ஒருவர் இருந்தால் அதற்கு இல்லம் என்று பெயர் சொல்ல முடியாதே, அதனால்தான் மற்றவர்களையும் சேர்த்தேன். அவர்கள் பெயர்களை நீங்கள் நேற்று வாசித்தீர்கள். எனக்கு ஒரு பெயர்கூடப் பிடிபடவில்லை.

வரைபடம் போட வந்த மச்சான்தான் விஷயத்தைச் சிக்கலாக்கினார்.

"மாப்பிள்ளை, இது கிடங்கா இருந்த வரைக்கும் கட்டினப்போ இருந்த விதி போதும். ஆளுங்க தங்குற இடமா மாத்துறீங்கன்னா, இன்னைக்குப் புதுசா எழுப்புற கட்டடம் பூகம்பத்துக்கு எப்படி நிக்கணுமோ, இதுவும் அப்படி நிக்கணும். அதுவும் எழுந்து ஓட முடியாதவங்க. அஸ்திவாரத்தைத் தோண்டி பலப்படுத்தி, எல்லாச் சுவர்லயும் மூலைக்கு மூலை குறுக்கா இரும்புச் சட்டம் ஏத்தணும்."

"எப்ப முடியும் மச்சான்?"

"அவசரப்பட்டா ஆகாது. மழைக்காலம் தாண்டிரும்."

மழைக்காலத்தில் மாமியாரின் இருமல் இரண்டு மடங்காகும் ஐயா. ஜன்னலைத் திறக்கவும் முடியாது. வீடு முழுக்கத் தைல வாடையும் ஈரத்துணி வாடையும். இன்னொரு மழைக்காலத்தை நினைத்தாலே எனக்குக் குமட்டியது.

எனக்கு அந்த விதியே பிடிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம் டன் கணக்கில் துணி மூட்டையைத் தாங்கி நின்ற கட்டடம். எலும்பும் தோலுமான கிழங்களைத் தாங்காதா? மூட்டைக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயமா?

மச்சான் வெளியூர் வேலைக்குப் போனதும், நாடகத்துக்கு செட் போடும் ஆட்களை வெளியிலிருந்து வரவழைத்தேன். அலங்காரம் என்று சொன்னேன். மெல்லிய பலகையில் நீளநீளமான பெட்டிகள், மேலே தகரம், அதற்கு மேல் சாம்பல் வண்ணம். போல்ட் தலைகள் மட்டும் நிஜம், பசையில் ஒட்டியவை. அஸ்திவாரத்தைத் தோண்டவே இல்லை, சுற்றிலும் புதுச் சிமெண்ட் தரை போட்டு மூடிவிட்டேன். மச்சான் தட்டிப் பார்ப்பார் என்று தெரியும். அதனால் கை எட்டும் உயரம் வரை உள்ளே மணலும் சிமெண்டும் கொட்டச் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், அது ஒன்றும் அவ்வளவு கஷ்டமில்லை.

அவர் வந்தார், தட்டினார். நங்கென்று கேட்டது. "அதுக்குள்ள முடிச்சிட்டீங்களே" என்று மேலே அண்ணாந்து பார்த்தார். பையில் துளை போடும் கருவி இருந்தது. அதை எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்.

"வேற ஆளா இருந்தா ஓட்டை போட்டுப் பாத்திருப்பேன். வீட்டு மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்டா தங்கச்சி மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்று சிரித்தார். கட்டடம் உறுதி என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து அவருடையது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் வந்ததும் சுவர்களைப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, எல்லாப் பக்கமும் பெருக்கல் குறி? தப்பான கணக்குக்கு நான் போடுற மாதிரியே இருக்கு." எல்லோரும் சிரித்தோம். மேல்தளத்தில் மூலை அறையை மச்சானே தேர்ந்தெடுத்தார். "அம்மா, ரெண்டு சட்டம் சேர்ற இடம். கட்டடத்துலயே இதுதான் கெட்டி." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தது நான்தான். வேறு அறை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எந்த அறையானால் என்ன ஐயா, எல்லாம் ஒரே பலகைதானே.

வீட்டுக்கு வந்து கண்ணாடி டம்ளர்களையெல்லாம் குப்பையில் போட்டேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

நிலம் ஆடியது ஒரு மத்தியானம். என் வீட்டில் அலமாரிக் கதவு திறந்துகொண்டது, அவ்வளவுதான். கடைத்தெருவில் சில சுவர்கள் விரிசல் விட்டன. கிடங்கு மட்டும் கால் மடங்கிய மாடு மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான் போனபோது மச்சான் ஏற்கெனவே குவியல் மேல் நின்றிருந்தார். ஒரே தூசி, அதோடு உடைந்த சாக்கடைக் குழாயின் நாற்றம். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

மேலேயே ஒரு பொந்து தெரிந்தது. அதன் வாயை அடைத்தபடி என் சட்டம் ஒன்று குறுக்கே கிடந்தது. அடிப்பக்கம் இடிபாட்டில் புதைந்திருந்தது, வெளியே தெரிந்த பகுதியில் ஒரு கீறல் இல்லை. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"அம்மா!" என்று கத்தினார் மச்சான். தீயணைப்புக்காரர்கள் சட்டத்தில் கை வைக்கப் போனார்கள். அவர்தான் தடுத்தார். "தொடாதீங்க! முழு இரும்பு. நழுவிச்சுன்னா மொத்தமும் உள்ள இறங்கிரும். கிரேன் வரட்டும். அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ, நான் வரைஞ்சு குடுத்த சட்டம், உன்மேல ஒண்ணும் விழாது."

கிரேன் வரத் தாமதமானது. சாலையெல்லாம் இடிபாடு. மச்சான் குப்புறப் படுத்து அந்தச் சட்டத்தைத் தடவிக்கொண்டே அவரோடு பேசினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அது வெறும் பெட்டி, ஒரு ஆள் இழுத்தால் ஒடிந்து வந்துவிடும் என்று அங்கே தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

கிரேன் வந்தது, வடம் கட்டினார்கள். இழுத்த இழுப்பில் அது காகிதம் மாதிரி மேலே பறந்தது. மச்சான் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தீயணைப்புக்காரர்கள் உள்ளே இறங்கினார்கள். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்ததாம்.

ஆமாம் ஐயா, சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். அதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் அந்த இருமலை நீங்கள் கேட்டதில்லை. அது காதில் விழுந்துகொண்டிருக்கும்போது எனக்கு எதையுமே யோசிக்க வராது. கொஞ்சம் நிற்கட்டும், நின்றதும் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.