எங்கள் பூலோகம், அவர்கள் புலோகர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவி கோகிலவாணி அவர்களே! தாராவியைத் தாங்கும் பெரியோர்களே! குழந்தையை மடியிலும் கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தோல் பெல்ட் தைக்கும் இந்த முகம்மது ஹனீபின் பணிவான வணக்கம்!

முன்வரிசையில் இருக்கும் பிச்சையாவையும் முருகம்மாளையும் அறியாதவர் உண்டா? எல்லைக் காவலில் குண்டடிபட்டு மடிந்த நம் பூலோகத்தைப் பெற்றவர்கள். அதே காவல் முனையில் அவனோடு வீழ்ந்த இருவர், சாத்தாரா மலைப்பக்கத்துச் சிற்றூர்க்காரர்கள். அந்த ஊர் போர் நினைவுப் பூங்கா அமைத்து, மூன்று பெயரையும் ஒரே கல்லில் வெட்டி, இவர்களை அழைத்தது. மொழித் துணையாக நானும் போனேன்.

சாமந்திப் பாத்தி, சறுக்கு மரம், நடுவே கருங்கல். முருகம்மாள் மராத்தி எழுத்துகளைத் தடவியபடி, "அண்ணாச்சி, எம்பிள்ள பேரு எது?" என்றார். படித்தேன். பதறினேன். பூலோகம் என்றா இருந்தது? 'புலோகர்' என்று இருந்தது!

கோபப்பட்டேனா? கொதித்தேன் ஐயா! உயிரைக் கொடுத்தவனுக்கு ஒழுங்கான பெயரைக் கொடுக்கக் கூடாதா? ஊர்த்தலைவர் வெலவெலத்துப்போய், கல்லைச் செதுக்கி மாற்ற அப்போதே ஆளை அழைத்தார். உளியும் வந்துவிட்டது.

அப்போது ஓர் அம்மா முருகம்மாளின் கையைப் பற்றினார். அனுசூயாபாய். மாண்ட மற்ற இருவரில் ஒருவனின் தாய். மராத்தியில் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன்: "தப்பு என்னுடையது. என் மகன் கடிதமெல்லாம் உன் மகனைப் பற்றித்தான். கல்தச்சர் பெயர் கேட்டபோது நினைவிலிருந்து சொன்னேன். பெயர் முடிவில் 'கர்' வந்தால் இந்த மண்ணுக்காரன் என்று அர்த்தம். என் வாயில் அவன் அப்படித்தான் வந்தான். ஆம்ச்சா போர்கா. எங்கள் பிள்ளை."

முருகம்மாள் அழுதார். அழுதுகொண்டே என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உளியக் கீழ வைக்கச் சொல்லுங்க. நான் வச்ச பேரு ஒண்ணு, இந்தத் தாயி வச்ச பேரு ஒண்ணு. எம்பிள்ளைக்கு ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

கேட்டீர்களா தாய்மார்களே? சட்டம் பேசப் போன நானே உளியைக் கீழே வைக்கச் சொன்னேன்!

பிச்சையா, "கீழ நம்ம எழுத்துல 'பூலோகம்'னு ஒரு வரி மட்டும் வெட்டுவாங்களா, கேளுமய்யா" என்றார். ஊரே சம்மதித்தது. ஆனால் தமிழ் எழுத அங்கே யாருக்குத் தெரியும்?

இந்தி மீடியத்தில் படித்தாலும் நம் வீட்டில் கையெழுத்து அழகாக வரும் என் மகள் ஷைஸ்தா, ஒரு மாதமாக அந்த நான்கெழுத்தை எழுதிப் பழகி, கல்தச்சருக்கு அனுப்பினாள்.

என்ன தம்பி அங்கே சத்தம்? "பாய், சுழியெல்லாம் சரியா இருக்கா"ன்னா கேக்குறிய? முருகம்மாள் பதினோரு தாளைத் திருப்பிக் கொடுத்துப் பன்னிரண்டாவதைத்தான் ஏற்றுக்கொண்டார்!

வரும் ஞாயிறு அந்த வரியைத் திறக்கிறார்கள். காலை ஐந்தரைக்குப் பஸ். அனுசூயாபாய் நாற்பது பேருக்குச் சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாற்பது பேரோடா போவோம்? நூறு பேராய்ப் போவோம்! சோறு பற்றாவிட்டால் அந்தத் தாயோடு உட்கார்ந்து நாமும் காய் நறுக்குவோம்! சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல் போவோம்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அன்புக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். ஞாயிறன்று பஸ்ஸில் சந்திப்போம். வணக்கம்!