நாற்பதாவது பட்டதாரி

நான் பேனாவைக் கொஞ்சம் அழுத்திப் பிடிப்பவன். தாள் எங்காவது கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன் என்றார் உங்கள் எழுத்தர். வேண்டாம் என்றேன். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்றவன் அதை இன்னொருவன் கையில் கொடுக்கமாட்டான்.

முப்பது வருடம் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். அந்த நாற்றம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. சாக்குத் தூசி, எலி மூத்திரம், பக்கத்தில் நிற்பவனின் வியர்வை, எல்லாம் சேர்ந்து வாயில் வைக்கும் சோற்றுக்குள்ளும் வரும். ஒருநாள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதும் அதே நாற்றம் வந்தது. அது என் தோலிலிருந்துதான் வருகிறது என்று அன்று புரிந்தது. அதன் பிறகுதான் எழுத்துப் படிக்கப் போனேன்.

என் தங்கை புருஷனும் அதே கிடங்குதான். சுமந்து சுமந்து கழுத்து முன்னால் நீண்டுவிட்டதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். சங்க அலுவலகத்தில் நான் வகுப்புக்குப் போன எட்டு மாதமும் என் பங்கு மூட்டையையும் அவனே ஏற்றினான். "போ மச்சான். போயி லாரி மேல என்னதான் எழுதியிருக்குன்னு படிச்சிட்டு வந்து சொல்லு" என்பான். அதை நான் மறந்தவன் அல்ல. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு இணையவழிக் கல்லூரி வந்தது. டயர் கடைக்கு மேலே ஒரே அறை. உழைப்பாளிகள் பட்டம் படிக்க அரசாங்கம் பணம் தருகிறது. அது எங்கள் கைக்கு வராது, கல்லூரிக்குப் போகும். ஆளைச் சேர்த்தால் பாதி, அந்த ஆள் கடைசிப் பரீட்சையை முழுதாக முடித்தால் மீதி. படித்தானா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. கணினி பார்க்கும். அதுவும் முகத்தை மட்டும்தான் பார்க்கும்.

கல்லூரி ஒருங்கிணைப்பாளர் வாரம் ஒருமுறை வருவார். நாங்கள் உட்கார்ந்த நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காருவார். போகும்போது அந்தக் கைக்குட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் போவார். அவருடைய சென்ட் வாசனை எனக்குக் குமட்டும். ஆனால் கூலிகளில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று முதல் நாளே கண்டுகொண்டார்.

"நாப்பது பேரை முடிக்க வையி. மேசை, நாற்காலி, போட்டோ ஒட்டின அட்டை, எல்லாம் உனக்கு நிரந்தரம். உதவிப் பயிற்றுநர்னு போட்டுடலாம்."

அந்தச் சொல்லை வீட்டில் எழுதிப் பார்த்தேன். ஒற்று விடாமல் வந்தது.

ஆள் சேர்ப்பது சிரமமாக இல்லை. "காலேஜுல சேந்தா மூட்டை கனம் கொறையுமா மச்சான்?" என்று ஒட்டகம் கேட்டான்.

"கொறையாது மாப்ள. ஆனா தூக்குறவன் பட்டதாரி."

"அப்ப மேஸ்திரி இனிமே என்னை இங்கிலீஷ்லதான் திட்டணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தார்கள்.

தொழிற்பாதுகாப்புப் பட்டப்படிப்பு, மூன்று வருடம். நாற்பது பேருடைய பாடத்தையும் நான் ஒருவனே படித்தேன். பரீட்சையில் முகம் அவர்களுடையது, விடை என்னுடையது. மேசைக்கு அடியில் இன்னொரு திரை வைத்து, அங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் விடைகளை அழுத்துவேன். மேலே அவர்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பேச்சுச் சத்தம் கேட்டால் பரீட்சை ரத்து. முகம் விலகினாலும் ரத்து. வேலை முடித்து வந்த அலுப்பில் வாயைப் பிளந்து தூங்கிச் சரிவார்கள், எச்சில் மேசையில் சொட்டும். அதனால் துண்டால் நெஞ்சோடு சேர்த்து நாற்காலியில் கட்டிவிடுவேன். கழுத்துக்குக் கீழே கேமராவுக்குத் தெரியாது. பேச முடியாது என்பதால் ஒரு சைகை வைத்திருந்தோம். காலால் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் வேண்டும். இரண்டு தட்டு என்றால் முடியவில்லை, நிறுத்து. அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

முப்பத்தொன்பது பேர் முடித்திருந்தார்கள். ஒட்டகம் நாற்பதாவது. அன்றுதான் கடைசி நாள், ஞாயிறு மதியம். தங்கை அவனோடு படியேறி வந்தாள்.

"அண்ணே, காலையிலேர்ந்து இவருக்குச் சோறு எறங்கல. முடிஞ்சதும் சீக்கிரம் அனுப்பிடு."

"நெஞ்சு ஒரு மாதிரி பிடிச்சிருக்கு மச்சான். நாளைக்கு வச்சுக்கலாமா?"

"பரீட்சை என்ன பஸ்ஸா மாப்ள, கை காட்டுனா நிக்கிறதுக்கு? மூணு மணி நேரம் சும்மா உக்காரப் போற. இதைவிட ரெஸ்ட் உனக்கு எங்க கெடைக்கும்?"

அவன் சிரித்தான். தங்கையும் சிரித்தாள். அவளை வீட்டுக்கு அனுப்பினேன். துண்டைக் கட்டினேன். வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகம் கட்டினேன், அவன் கழுத்து முன்னால் விழும் என்பதால்.

முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு அவன் முழங்கால் ஆடத் தொடங்கியது. கணுக்கால் வழியாக வியர்வை இறங்கிச் செருப்பில் தேங்கியது. கிடங்கு நாற்றம் மேசைக்கு அடியில் நிறைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு விடை அழுத்தினேன். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் அவன் இரண்டு முறை தட்டினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு முறை.

அவனுடைய பாதத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தட்டும் சத்தம் மைக்கில் விழுந்தால் மூன்று வருடப் படிப்பும் வீண். அவன் அதை விரும்பியிருக்கமாட்டான்.

அறுபத்தோராவது கேள்வி, வேலையிடத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பது. இறுக்கமான துணியைத் தளர்த்தி, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அதைத்தான் அழுத்தினேன். சரியான விடை. என் போன் சட்டைப்பையில் இருந்தது.

இரண்டு மணி இருபது நிமிடம் இருக்கும். என் கைக்குள் இருந்த பாதம் கனத்தது. இறக்கி வைத்த மூட்டைக்கும் தோளில் இருக்கும் மூட்டைக்கும் கனம் வேறு, அது தூக்கியவனுக்குத் தெரியும். மேசைக்குப் பின்பக்கமாக வெளியே வந்து, நாற்காலிக்குப் பின்னால் குனிந்து, கேமராவுக்குத் தெரியாமல் அவன் பிடரி முடியைப் பிடித்துத் தலையை நிமிர்த்தினேன். கண் திறந்தேதான் இருந்தது. அது நான் திறந்து வைத்ததல்ல. அடியில் இருந்த திரையைக் கூடவே எடுத்துவந்து தரையில் வைத்திருந்தேன். ஒரு கையில் அவன் தலை, இன்னொரு கையால் மீதி விடைகள். நாற்பது நிமிடம். அவனுக்குச் சிறுநீர் போயிருந்தது. அதன்மேல்தான் மண்டியிட்டிருந்தேன்.

முடிந்ததும் திரையில் காகிதப் பூக்கள் கொட்டின. வாழ்த்துகள் என்று வந்தது. கணினி ஒவ்வொரு மாணவனுக்கும் கவனத்துக்கு மதிப்பெண் போடும். ஒட்டகத்துக்கு எப்போதும் குறைவுதான் வரும், கழுத்தை ஆட்டிக்கொண்டே இருப்பான். அன்று மிக நன்று என்று வந்தது. இறுதி நாற்பது நிமிடம் சிறிதும் கவனம் சிதறவில்லையாம்.

துண்டை அவிழ்த்தேன். அதன் பிறகு போன் செய்தேன். படியில் மயங்கி விழுந்தான் என்று தங்கையிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் மருத்துவர். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பக்கத்தில் இருந்ததே போதும் அண்ணே என்று அழுதாள். மீதிப் பணம் கல்லூரிக்குப் போனது. மேசையும் அட்டையும் எனக்கு வந்தன.

கணினி மூன்று மணி நேரத்தையும் பதிந்து வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் உங்கள் அறையில் வைத்துத் தங்கைக்கு அதைக் காட்டினீர்களாம். அவனுடைய பிடரிக்குப் பின்னால் தெரிந்த இரண்டு விரலைப் பார்த்து, இது எங்க அண்ணன் விரல் என்று அவள்தான் சொன்னாளாம். நகம் நசுங்கிய விரல், உண்மைதான். நான் மறுக்கவில்லை. அவன் தட்டியதன் பொருள் தெரிந்தே காலைப் பிடித்தேன். சாக விட்டேன். செத்த பிறகும் பரீட்சை எழுத வைத்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், இறந்தவர் தொழில் என்ற இடத்தில், சுமைகூலித் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, பட்டதாரி என்று எழுதுங்கள். அவன் எனக்காக எட்டு மாதம் மூட்டை சுமந்தவன். அவனுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா ஐயா.