ஒத்தைப்பாட்டுக் கோஷ்டி

இந்த ஊர் டீயில் சர்க்கரை எப்போதும் கொஞ்சம் தூக்கல்தான் ஐயா. ராஜபாளையத்தில் இப்படிப் போடமாட்டார்கள். பால்கோவா கிண்டிக் கிண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கை அப்படிப் பழகிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, குடித்துவிட்டுத்தான் பேசுகிறேன். உங்கள் ஏட்டு எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மைக் செட் ஐயாதுரை. தொண்ணூற்று மூன்று ஆடியில், மம்சாபுரம் போகிற வழியில் இருக்கும் அம்மன் கோயில் மேடையில் சஞ்சீவி ராக்கர்ஸ் வைகுண்டராஜ் கரண்ட் அடித்துச் செத்துப்போனானே, அந்த விசாரணையில் சாட்சி சொன்னவன். அன்று நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. நீங்கள் கேட்காததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்று யாரும் கூப்பிடாமல் நானே பஸ் ஏறி வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக ஏட்டு எழுதுகிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு நன்றாகத்தான் தூக்கம் வருகிறது.

எல்லாம் ஒரு வாதத்தில் இருந்து வந்தது. ராஜபாளையத்தில் என் மைக் செட், கேசட்டுக் கடையில் சாயங்காலம் ஆனால் சங்கையா வந்து உட்கார்ந்துவிடுவான். ஆலங்குளம் சிமெண்டு ஆலையில் வேலை. தம்பி கப்பலில் போகிறவன், போகிற துறைமுகத்தில் எல்லாம் இங்கிலீஷ் ராக் கேசட்டு வாங்கி அனுப்புவான். பாஷை பாதிதான் புரியும், ஆனாலும் என்னுடைய பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்போம். எதிரே ஜவுளிக்கடைக்காரர் சண்டைக்கு வருவார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வாதம் பிறந்தது. எந்தக் கோஷ்டி ஒரே ஒரு பாட்டோடு முடிந்த கோஷ்டி? நாங்கள் அதற்கு ஒத்தைப்பாட்டுக் கோஷ்டி என்று பெயர் வைத்திருந்தோம்.

கேட்க விளையாட்டாகத் தெரியும். ஆனால் எங்களுக்குச் சட்டதிட்டம் இருந்தது. அடுத்தவன் பாட்டை எடுத்துப் பாடியது கணக்கில் வராது என்பது சங்கையா சட்டம். கோஷ்டியின் பெயரே தெரியாத ஆளும் கடைக்கு வந்து அந்தப் பாட்டைக் கேட்டால்தான் அது ஓடிய பாட்டு என்பது என் சட்டம். ஒருமுறை, பாடகன் கார் விபத்தில் செத்த பிறகு இரண்டாவது பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடிய ஒரு வெளிநாட்டுக் கோஷ்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அது பரிதாபத்தில் ஓடியது, சேர்க்கக்கூடாது என்றான் சங்கையா. நான் விடவில்லை. ஓடியது ஓடியதுதான், எதனால் ஓடியது என்று தோண்டிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவனை மடக்க வேண்டும் என்ற அவசரம். அந்தச் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னை இங்கே கொண்டுவந்தது அதுதான்.

சஞ்சீவி ராக்கர்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்பத்தாறில் நாங்கள் மூன்று பேராக ஆரம்பித்தது. வைகுண்டராஜ் பாட்டு, கிருபாபாய் டீச்சர் ஆர்கன், நான் கிட்டார். டீச்சர் சர்ச்சில் வாசித்துப் பழகியவர். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் சஞ்சீவி மலை தெரியும், அந்தப் பெயரையே வைத்தோம். 'ரெண்டாம் ஷிப்ட்' என்று ஒரு பாட்டுப் போட்டோம். உங்களுக்கும் தெரிந்திருக்கும், தென்காசி ரோட்டில் ஓடாத பஸ்ஸில்கூட அது ஓடியது. மில் சங்கு மாதிரி கிட்டார் கீழேயிருந்து ஏறி, உச்சியில் நின்று, பிறகு இறங்கும். அதற்குப் பிறகுதான் பாட்டே வரும். சங்கு கேட்டதும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சங்கு என்னுடையது. என் விரலில் வந்தது.

பிறகு அடுத்த பாட்டுக்கு என்னிடம் கேட்டார்கள். வருகிறபோது வரும் என்றேன். அடுத்த ஆடியும் வந்தது, எதுவும் வரவில்லை. ஒருநாள் ஒத்திகைக்குப் படி ஏறும்போது உள்ளே டீச்சர் பேசியது காதில் விழுந்தது. "அண்ணாச்சிகிட்ட இருந்தது அந்த ஒண்ணுதான் போல, தம்பி." வைகுண்டராஜ் என்ன பதில் சொன்னான் என்று கேட்க நான் நிற்கவில்லை. அப்படியே படி இறங்கி வந்தேன். அதன் பிறகு நான் கிட்டாரைத் தொடவில்லை. கருத்து வேறுபாடு என்று ஊரில் சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் நான் இல்லாமல் தொடர்ந்தார்கள். வைகுண்டராஜே கிட்டாரும் பழகிக்கொண்டான். பாட்டாகப் போட்டார்கள், ஒன்றும் தேறவில்லை. எந்தக் கோயில் கொடைக்குப் போனாலும் ஜனம் 'ரெண்டாம் ஷிப்ட்' கேட்கும், பாடிவிட்டு இறங்குவார்கள். மைக் செட் மட்டும் என்னிடமே எடுத்தார்கள். ஏன் என்னிடமே எடுக்கிறான் என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். என்னைக் கூலிக்கு நிற்க வைத்துப் பார்க்கிற ஆசையாக இருக்கலாம்.

கடை வாதத்தில் நான் ஒரே நிலையில் நின்றேன். உலகத்தில் வேறு எந்தக் கோஷ்டியைப் பற்றி வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பேன், சஞ்சீவி ராக்கர்ஸ் ஒத்தைப்பாட்டுக் கோஷ்டி. காரணம் எளிது. நான் இருந்தபோது ஓடியது, நான் போனபின் எதுவும் ஓடவில்லை. அப்படியானால் அந்த ஒரு பாட்டு யாருடையது? நீங்கள் விசாரணை செய்கிறவர், உங்களுக்கே விளங்கும். அவர்களுக்கு இரண்டாவது ஒன்று ஓடிவிட்டால் கதை மாறிவிடும். பாட்டு அவனுடையது, சங்கு இல்லாவிட்டாலும் ஓடியிருக்கும், ஐயாதுரை ஓரமாக நின்று கம்பி தட்டியவன் என்று ஆகிவிடும்.

தொண்ணூற்று மூன்று ஆடி பிறந்ததும் வைகுண்டராஜ் கடைக்கு வந்தான். கோயில் கச்சேரிக்கு மைக் செட் பேசத்தான் வந்தான் என்று நினைத்தேன். பேசி முடித்தும் போகவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இருங்க. புதுசா ஒண்ணு போட்டிருக்கேன். நீங்க நல்லாருக்குன்னு சொன்னாத்தான் மேடைக்குக் கொண்டுபோவேன்."

மேஜையில் தாளம் தட்டிப் பாடினான். சேத்தூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. பஸ் வருகிறது, அவள் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. கிட்டாரும் இல்லை, சங்கும் இல்லை. அவன் இரண்டாவது அடியைப் பாடும்போதே ரோட்டில் போன ஒரு பூக்காரம்மா நின்று கேட்டாள். அவளுக்கு அவன் யார் என்று தெரியாது. என் சட்டம் எனக்கு ஞாபகம் வந்தது.

நல்லாருக்கு என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு இதில் ஒரு சந்தேகம் இன்றுவரை உண்டு. நிஜமாகவே என் அபிப்பிராயம் கேட்கத்தான் வந்தானா, இல்லை, பார்த்தீரா என்று காட்ட வந்தானா? இரண்டாவதுதான் என்று நான் முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் கோயில் மேடையில் ஒரு பழக்கம் உண்டு. முதல் பாட்டு சாமி பாட்டு, அதைச் செருப்பில்லாமல்தான் பாட வேண்டும். மேடையையும் கழுவிக் கோலம் போட்டு வைத்திருப்பார்கள். வைகுண்டராஜ் சாமி பாட்டை டீச்சரின் ஆர்கனோடு வெறும் கையாகப் பாடுவான். முடிந்ததும் ஓரமாகப் போய் ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் சூவை மாட்டி, அதன் பிறகுதான் கிட்டாரை எடுப்பான். ஏனென்றால் கிட்டாரை மாட்டுகிற என்னுடைய பழைய ஆம்ப்ளிபயரில் கரண்ட் கசிவு உண்டு, கம்பியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். அதற்காக மேடைக்குப் பின்னால் இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, அதில் இருந்து எர்த் ஒயர் இழுத்து ஆம்பில் கட்டுவோம், கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். கட்டுவது என்னிடம் வேலை பார்த்த மலைச்சாமி. அன்றும் கட்டினான். கட்டினேன் கட்டினேன் என்று உங்கள் முன்னால் அவன் அழுதது நிஜம். அன்று மத்தியானம் கள் குடித்திருந்தான், அதனால் யாரும் நம்பவில்லை. என்னிடம் கேட்டீர்கள், குடித்திருந்தான் என்று சொன்னேன். அதுவும் நிஜம்தான்.

அன்று சாயங்காலம் கச்சேரிக்கு முன்னால் நான் வைகுண்டராஜிடம் ஒரு யோசனை சொன்னேன். சாமி பாட்டு முடிந்த கையோடு, கூட்டம் அமைதியாக இருக்கும்போதே புதுப் பாட்டை எடுத்துவிடு, சூ மாட்டப் போய் வந்தால் ஜனம் 'ரெண்டாம் ஷிப்ட்' என்று கத்த ஆரம்பித்துவிடும் என்றேன். அவனுக்கு அது சரியாகப் பட்டது. ஆனாலும் ஈர மேடையைக் குனிந்து பார்த்தான்.

"தரை நசநசன்னு கெடக்கே அண்ணாச்சி."

"எர்த்து போட்டாச்சு. நான் இருக்கேம்லா, பயப்படாம பாடு."

மலைச்சாமி பீடிக்குப் போயிருந்தான். நான் மேடைக்குப் பின்னால் போய் எர்த் ஒயரைக் குழாயில் இருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்கூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். கையில் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாம் என்ற எண்ணம்தான்.

சாமி பாட்டு முடிந்தது. அவன் மைக்கைப் பிடித்து, கிட்டாரை எடுப்பதற்கு முன்னால், யாரும் எதிர்பாராத ஒன்றைப் பேசினான். அது கேசட்டிலும் இருக்கிறது, சங்கையா பதிவு செய்துகொண்டிருந்தான்.

"இந்தப் புதுப்பாட்ட மொதல்ல கேட்டு நல்லாருக்குன்னு சொன்னது எங்க ஐயாதுரை அண்ணாச்சி. ரெண்டாம் ஷிப்ட்ல சங்கு ஊதுதே, அது அவுக கை. அவுக இல்லேன்னா நாங்க இல்ல."

ஜனம் கை தட்டியது. ஏழு வருஷமாக நான் காத்திருந்த பேச்சு அது, மறைக்கவில்லை. என் கையில் ஒயர் இருந்தது, குழாய் எட்டும் தூரத்தில் இருந்தது, நேரமும் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நாள் சொல்லாதவன் அன்று ஏன் சொல்ல வேண்டும்? இரண்டாவது பாட்டு கைக்கு வந்துவிட்டது, இனி முதல் பாட்டை எனக்குத் தானமாகக் கொடுக்கலாம். தேவையில்லாத சட்டையை வேலைக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி. அந்தத் தொனி எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஒயரைக் கட்டவில்லை.

அவன் கிட்டாரைத் தோளில் மாட்டினான். கம்பியில் கை படாமல் முதல் அடி முழுவதையும் பாடினான். அந்த அடி முடிகிற இடத்தில் கை கம்பிக்குப் போனது, இன்னொரு கை மைக்கில் இருந்தது. அதற்குமேல் நடந்தது உங்கள் பேப்பரில் இருக்கிறது. மெயினை அணைத்தது நான்தான், அதற்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அணைக்கப் போகிற வழியில் ஒயரைத் திரும்பக் குழாய்ப் பக்கம் போட்டுவிட்டேன், தானாகக் கழன்று கிடப்பதுபோல.

டீச்சருக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அவன் செருப்பில்லாம கிட்டார் எடுத்ததே கெடையாது அண்ணாச்சி. அன்னைக்கு யாரு சொன்னா?"

பாட்டு அவசரம் என்றேன். அவர் அதற்குப் பிறகு என் கடைப் பக்கம் வருவதில்லை. மலைச்சாமியை ஊர்க்காரர்கள் அடித்ததில் ஒரு கை சரியாக வரவில்லை. இப்போது சேத்தூரில் ஒரு தோப்பில் காவலுக்கு இருக்கிறான். அவனுக்காக வந்தேன் என்றும் எழுத வேண்டாம்.

நான் வந்த காரணம் சங்கையா. அன்று பதிவான கேசட்டை அவன் சும்மா வைத்திருக்கவில்லை, வைகுண்டராஜ் பெண்டாட்டிக்கு உதவியாக இருக்கும் என்று நகல் போட்டுக் கொடுத்தான். முதல் அடி முழுதாக இருக்கிறது, பிறகு ஒரு சத்தம், பிறகு ஜனத்தின் கூச்சல். அந்த அரைப் பாட்டு ஓடியது பாருங்கள், 'ரெண்டாம் ஷிப்ட்' அப்படி ஓடவில்லை. மதுரை பஸ்ஸில் கேட்டேன். கோவில்பட்டியில் கல்யாண வீட்டில் கேட்டேன். என் கடைக்கே வந்து, யார் பாடியது என்று தெரியாமல், அந்தச் சேத்தூர் பஸ் பாட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

போன வாரம் சங்கையா சாவகாசமாக உட்கார்ந்து, இனிமேல் நம் ஊர்க் கோஷ்டியை ஒத்தைப்பாட்டுக் கோஷ்டி என்று சொல்ல முடியாது என்றான். அது பரிதாபத்தில் ஓடியது என்றேன். அவன் சிரித்தான்.

"ஓடுனது ஓடுனதுதாம்னு நீதானல சட்டம் போட்ட. எதனாலன்னு தோண்டப்படாதுன்னு சொன்ன."

கடையைச் சாத்திவிட்டு ஒரு வாரம் அதையே யோசித்தேன். பரிதாபம் என்று சொன்னால் என் சட்டமே என்னை மடக்குகிறது. ஆனால் சங்கையா போட்ட சட்டம் ஒன்று இருக்கிறதே. அடுத்தவனுடையது கணக்கில் வராது. அந்த அரைப் பாட்டை வைகுண்டராஜ் போட்ட மற்ற பாட்டுகளோடு வைத்துப் பாருங்கள். மேடையில் முழுதாகப் பாடி இறங்கியிருந்தால், ஜனம் கை தட்டிவிட்டு 'ரெண்டாம் ஷிப்ட்' கேட்டிருக்கும். அதை ஓடவைத்தது அந்தச் சத்தம். அந்தச் சத்தம் யாருடையது? இதை எனக்குள் வைத்துக்கொண்டு வாதம் பண்ண முடியாது. எழுத்தில் இருக்க வேண்டும், உங்கள் முத்திரை இருக்க வேண்டும். அதனால்தான் பஸ் ஏறினேன்.

ஆகவே ஏட்டு இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளட்டும். எர்த் ஒயரைக் கழற்றியது நான். செருப்பில்லாமல் நிற்க வைத்தது நான். வைகுண்டராஜைக் கொன்றது நான். சங்கையாவிடம் ஒரு நகல் கொடுக்க முடியுமானால் நல்லது.

முதல் பாட்டின் சங்கு என்னுடையது, அதை அவனே மைக்கில் ஒத்துக்கொண்டான். இரண்டாவது பாட்டும் என் கையால்தான் ஓடியது. அப்படிப் பார்த்தால் நான் ஒத்தைப்பாட்டுக்காரன் இல்லை ஐயா.