மூன்றாம் நம்பர் ரூம் வாசல் தகடு

உங்கள் ஆபீஸ் ஃபேன் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது ஐயா. பேரிங்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் நின்றுவிடும். இதைச் சொல்வதற்காக ஆமத்தூரிலிருந்து சூலக்கரைக்கு பஸ் ஏறி வரவில்லை. ஆனால் ஒரு கோளாறு காதில் விழுந்துவிட்டால் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது. ஒரு வருஷமாக என் உத்தியோகமே அதுதான்.

நான் புகழேந்தி. ஜூலை மாதம் எங்கள் ஊர்ப் பட்டாசுக் கம்பெனியில் மூன்றாம் நம்பர் ரூம் வெடித்து இறந்துபோன முருகம்மாளின் தம்பி. அந்த விபத்தைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையை மூன்று தரம் படித்தேன். ஒரே ஒரு வரிதான் தப்பு. 'பணியாளர் முருகம்மாள் வாசல் தகட்டைத் தொடாமல் அறைக்குள் நுழைந்ததே விபத்துக்குக் காரணம்' என்ற வரி. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். அழுது மன்னிப்புக் கேட்க வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

தகட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இதை எழுதிக்கொள்கிற இந்தத் தம்பிக்காகச் சொல்கிறேன். பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற ரூம் வாசலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செம்புத் தகடு அடித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை இறங்கி, மண்ணுக்குள்ளேயே போய், உப்பும் கரியும் போட்ட குழியில் சேரும். ஆடிக் காற்றில் உடம்பிலும் சேலையிலும் ஒருவித மின்சாரம் ஏறி உட்கார்ந்திருக்கும். தகட்டைத் தொட்டால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். தொடாமல் போய் மருந்தில் கை வைத்தால் ஒரு பொறி போதும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கோயில் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோலத்தான் அந்தத் தகட்டையும் தொடுவார்கள். என் அக்கா பதினாறு வருஷம் அப்படித் தொட்டவள்.

இனி என் வேலை. 2007 ஆகஸ்டில் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை எடுத்தது. சிங்கப்பூரில் மருந்து மாத்திரைகளை வைத்திருக்கிற குளிர்பதனக் கிடங்குகள் இருபத்தியெட்டு. அவற்றின் வெப்பநிலையை எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டும். காலை ஆறரையிலிருந்து மதியம் மூன்று வரை. சூடு ஏறினால் திரையில் சிவப்பு வரும். அங்குள்ளவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். ஒரு வருஷம் தகுதிகாண் காலம். அந்த வருஷத்தில் நம்முடைய இணைப்பு மொத்தம் எட்டு மணி நேரத்துக்கு மேல் அறுந்திருந்தால் வேலை கிடையாது. எங்கள் குடும்பத்தில் பட்டாசு மருந்துக் கறை படாத கை என்னுடையது மட்டும்தான். அது அப்படியே இருக்க வேண்டும் என்பது என்னைவிட என் அக்காவின் வைராக்கியம்.

"என் தம்பி சிங்கப்பூரு ஐஸ் ரூமை இங்கனருந்தே பாத்துக்கிடுதான்" என்று அவள் சொல்லாத ஆள் கிடையாது. பொங்கலுக்குக் கட்டின குழாய் ஸ்பீக்கர் என் போனுக்குள் இரைந்தபோது, அவளே போய் விழாக் கமிட்டிக்காரர்களிடம் சண்டை போட்டு அதை வேறு திசைக்குத் திருப்ப வைத்தாள். எங்கள் கோழிகளைக்கூட ஆறரைக்கு முன்னால் வேலுத்தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவாள். வேலுத்தாய் அவளோடு அதே ரூமில் வேலை பார்த்தவள். அவளும் இறந்துபோனாள்.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் நான் கற்றது, தூரத்திலிருந்து வேலை வாங்குகிறவர்கள் நம்மைப் பார்ப்பதில்லை என்பது. திரையைத்தான் பார்க்கிறார்கள். பச்சையாக இருந்தால் நாம் நல்லவர்கள். நான் சாப்பிட்டேனா, காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறேனா, யாரும் கேட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. சாதி கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, பச்சையைத்தான் கேட்டார்கள்.

இரண்டாவதை என் மேலாளர் சீனிவாசகம் கற்றுக்கொடுத்தார். நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். ஒரு கிடங்கின் கதவு லேசாக அசைந்தாலே அலாரம் கத்திக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு தடவையும் போன் செய்தேன். அவர் சொன்னார்: "புகழேந்தி, சும்மா கத்துற அலாரத்தை அமுக்கி வைங்க. இல்லேன்னா நிஜமானது காதுல விழாது." அமுக்கி வைத்தேன். மார்ச் மாதம் நிஜமான ஒன்று வந்தது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்றரை நிமிஷத்தில் கூப்பிட்டுச் சொன்னேன். அத்தனை மாத்திரையும் பிழைத்தது. பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். அக்கா அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஆனால் அந்த மார்ச்சுக்குள் எட்டு மணி நேரத்தில் எனக்கு ஐந்தே கால் போயிருந்தது. கரண்ட் கட்டால் அல்ல, அதற்கு யு.பி.எஸ். இருந்தது. மோடம் கருகிக்கொண்டே இருந்தது. விருதுநகர் ஜாபர் சாதிக் பாய் கடையில்தான் எல்லாம் வாங்கினேன். மூன்றாவது மோடத்தைக் கொண்டுபோனபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, ஒங்க வீட்டுல எர்த்தே இல்ல. எர்த் இல்லாம எம்புட்டு மெஷின் வச்சாலும் சுடுகாட்டுக்குத்தான் போகும்."

குழி தோண்டினேன். நாலடியில் பாறை. தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன், கோடை மண் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரிலிருந்து நூறடியில் பட்டாசுக் கம்பெனி வேலி. லைசென்ஸ் வரைபடத்தில் எங்கள் வீடே கிடையாது, அதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் மூன்றாம் ரூமின் எர்த் குழி. எட்டடி ஆழம், நல்ல செம்பு, செவ்வாய்தோறும் ஒரு குடம் தண்ணீர். தண்ணீர் ஊற்றுகிற பொறுப்பு என் அக்காவுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. வாட்ச்மேன் கறி எடுக்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். மத்தியான வெயிலில் வேலிக்கடியில் ஒரு வயரை இழுத்து அந்தக் குழியில் சேர்த்தேன். இது திருட்டா? மண்ணை யாராவது திருட முடியுமா ஐயா? அன்றிலிருந்து மோடம் சாகவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து அக்கா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஏலே, மூணாம் ரூம் தகட்டைத் தொட்டா சுருக்குனு இழுக்குலே. வேலுத்தாயி கையை ஒதறிக்கிட்டு நிக்கா. போர்மேன்ட்ட சொல்லலாமா?"

நான் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பழைய வயரிங்கில் எங்கேயோ கசிவு. அது என் வயர் வழியாகக் குழிக்குப் போய், குழியிலிருந்து பட்டை வழியாகத் தகட்டுக்கு ஏறுகிறது. போர்மேன் சங்கிலிமுத்து வந்து தோண்டினால் என் வயர் அகப்படும். "சொல்ல வேண்டாங்க்கா. ஈரம் கூடுதலா இருந்தா அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாப்போகும்" என்றேன்.

நன்றாக யோசித்தேன். அவசரப்பட்டுச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு குழி, இரண்டு கம்பி. ஒன்றை எடுத்தாக வேண்டும். என்னுடையதை எடுத்தால் வேலை போகும், நானும் அந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். அவர்களுடையதை எடுத்தால் சுருக்கென்று இழுப்பது நிற்கும். அடுத்த ஞாயிறு பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரோடு போனேன். குழியோரம் பட்டையைப் பிணைத்திருந்த இரண்டு போல்ட்டைக் கழற்றி, பட்டையை ஒரு சாண் தள்ளிவைத்து மண்ணை மூடினேன். தகடு வாசலில் அப்படியே இருந்தது. போல்ட்டுகளை என் மேசை டிராயரில் போட்டுவைத்தேன். தூக்கி எறியவில்லை, பாருங்கள். நிரந்தரமாகச் செய்கிற எண்ணம் எனக்கு இல்லை. தகுதிகாண் காலம் முடிகிற வரைக்கும்தான்.

திங்கட்கிழமை மதியம் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "நீ சொன்ன மாதிரியே நின்னுபோச்சுலே. ஒனக்கு எப்படித்தான் இம்புட்டும் தெரியுதோ."

அதன் பிறகு நான்கு மாதம். ஜன்னல் வழியாக அவர்களைப் பார்ப்பேன். காலையில் ஒவ்வொருத்தியாகத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். அது சுவரில் ஒட்டின வெறும் தகடு என்று எனக்கு மட்டும் தெரியும். செவ்வாய்க்கிழமை அக்கா குடத்தோடு வந்து குழியில் தண்ணீர் ஊற்றுவாள், என் கம்ப்யூட்டருக்குத்தான். முதல் வாரம் அடிக்கடி திரையை விட்டு ஜன்னலைப் பார்த்தேன், மறைக்கவில்லை. இரண்டாவது வாரம் குறைந்தது. ஒரு மாதம் ஒன்றும் நடக்காமல் போனால் மனசு அதைப் பச்சை என்று எடுத்துக்கொள்கிறது. இதுவும் அந்த வருஷத்தில் கற்றதுதான்.

ஜூலை கடைசியில் ஆடிக் காற்று. தீபாவளி ஆர்டர் குவிந்து எல்லா ரூமிலும் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒன்பதரைக்கு சீனிவாசகம் கூப்பிட்டார். என் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்ல ஆரம்பித்தார். பாதியில்தான் அந்தச் சத்தம். எங்கள் கூரை ஓடு நாலைந்து சரிந்து விழுந்தது. என் கண் முதலில் திரைக்குப் போனது. இருபத்தியெட்டும் பச்சை.

"என்ன சத்தம் அது?" என்றார்.

"பட்டாசு டெஸ்ட் பண்றாங்க சார். எங்க ஊர்ல சகஜம்."

சிரித்தார். நான்கு நிமிஷம் பேசினார். வாழ்த்துச் சொன்னார். நன்றி சொன்னேன். போனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்து போல்ட்டுகளையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஏன் தண்ணீர்ச் செம்பை எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். எடுக்கவில்லை.

மூன்றாம் ரூம் கூரையோடு போயிருந்தது. வாசல் சுவர் மட்டும் தகட்டோடு நின்றது. வேலுத்தாயை நான் பார்க்கவில்லை. மற்ற ரூம்காரர்கள் எல்லோரும் மெயின் கேட் பக்கம் ஓடிவிட்டார்கள். அடுத்த ரூம் வெடிக்குமோ என்ற பயம். வேலிப்பக்கம் என் அக்கா மட்டும். எப்படியோ வெளியே வந்து குழிக்குப் பக்கத்தில் கிடந்தாள். சேலை இல்லை. முகம் இருந்தது. என்னைப் பார்த்தாள்.

நான் மண்ணைக் கிளறினேன். என் வயரைப் பிடுங்கினேன். பட்டையை இழுத்து ஓட்டையோடு ஓட்டை பொருத்தினேன். முதல் போல்ட் ஏறியது. இரண்டாவது நழுவி மண்ணில் விழுந்தது, தேடி எடுத்தேன். அப்போதுதான் அவள் பேசினாள்.

"அங்கன என்னலே தோண்டுத?"

நான் இரண்டாவது போல்ட்டை ஓட்டையில் வைத்தேன். "தொட்டுட்டுத்தாம்லே போனேன்" என்றாள். அதை இரண்டு தரம் சொன்னாள். போல்ட்டை முறுக்கி, மண்ணைத் தள்ளி, வயரைச் சுருட்டி வேலிக்கு இந்தப் பக்கம் எறிந்துவிட்டு, அதற்கப்புறம்தான் அவள் தலையை மடியில் எடுத்தேன். நான் அழுதேன். அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போகிற வழியில் உயிர் போய்விட்டது.

மறுநாள் நீங்கள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தீர்கள். பட்டை சரி, குழி சரி, தகடு சரி. தகடு சரியாக இருந்தால் அவள் தொடவில்லை என்றுதானே அர்த்தம்? நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அந்த வரி ஊருக்குள் வந்துவிட்டது. வேலுத்தாய் வீட்டார் எங்கள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். அக்கா மகள் சினேகா ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளோடு யாரும் உட்கார்வதில்லையாம். "ஒங்கம்மா தொடாமப் போயித்தான் எங்க சித்தியைக் கொன்னா" என்றாளாம் வேலுத்தாய் வீட்டுப் பிள்ளை ஒருத்தி. நேற்று சினேகா என் பின்னறைக்கு வந்தாள். வேலை நேரத்தில் வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். வந்து நின்று, "மாமா, அம்மா நெசமாவே தொடலையா?" என்றாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "வேலை நேரம்டா, அப்புறம் பேசுவோம்" என்றேன். அவள் போய்விட்டாள். அந்த லேமினேட் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். அவள் அம்மா தினமும் செய்கிறதுபோலவே.

அதனால் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: முருகம்மாள் தொட்டாள். தொடாமல் ஒருநாளும் போனதில்லை. பட்டையைக் கழற்றியவன் நான், பூட்டியவனும் நான். என் பெயரை முழுசாக எழுதுங்கள். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

ஆனால் கொலை என்ற வார்த்தையை மட்டும் போடாதீர்கள். அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தகட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்று என் அக்கா என்னிடம்தான் வந்து சொன்னாள். அவளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் நான் அதைக் கழற்றினேன். அதற்கப்புறம் அவளுக்கு ஒருநாள்கூட அடிக்கவில்லை.